தனியாக நிற்கும் கார் ஷெட்டுக்கு கரண்ட் கொண்டுபோகும்போது எர்த்தை முதலில் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் மெயின் போர்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒரு கார் ஷெட் இருக்கிறது. அங்கே நாலைந்து லைட், சில பிளக் பாயிண்ட், 2 எச்பி ஏர் கம்ப்ரசர், எப்போதாவது சின்ன வெல்டிங் மெஷின் ஓட வேண்டும். பின்னால் எலக்ட்ரிக் கார் வந்தாலும் வரலாம். கையில் 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் ஃப்ளெக்ஸிபிள் கேபிள் ஒரு சுருள் மிச்சம் இருக்கிறது. அதை பிவிசி பைப்பில் நுழைத்துப் புதைத்தால் போதுமா? ஷெட் பக்கத்திலேயே ஒரு எர்த் ராட் அடித்துவிட்டால் பேஸும் நியூட்ரலும் மட்டும் கொண்டுபோனால் போதும் என்கிறாரே ஒருவர், அது சரியா?

இரண்டுமே சரியில்லை. முதல் யோசனையால் கம்ப்ரசர் முனகும், லைட் மங்கும், சில வருடத்தில் மறுபடி குழி வெட்ட வேண்டி வரும். இரண்டாவது யோசனை ஆளைக் கொல்லக்கூடியது. அதனால் கேபிள் சைஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் எர்த்.

எர்த் ராட் அடித்துவிட்டால் லீக் ஆகும் கரண்ட் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். கரண்ட் மண்ணுக்குள் போய் மறைவதில்லை. அது டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போக வழி தேடுகிறது. அந்த வழி எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கம்ப்ரசருக்குள் ஒரு வயர் உரசி, பேஸ் அதன் இரும்பு உடம்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷெட்டில் இருப்பது ஒற்றை ராட் மட்டும். அந்த ராடுக்கும் மண்ணுக்கும் நடுவே 50 ஓம் தடை இருக்கிறது என்போம். சாதாரண மண்ணில் இது ஒன்றும் அதிகம் கிடையாது, காய்ந்த மண்ணிலும் பாறையிலும் இன்னும் எகிறும். 230 வோல்ட்டை 50 ஓமால் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அது ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடுகிற மாதிரி சாதாரண லோடு. காலம் முழுக்க ஓடினாலும் ட்ரிப் ஆகாது. கம்ப்ரசர் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் அப்படியே நிற்கும். மீட்டர் ஓடும், ராட் சுற்றியுள்ள மண் சூடாகும், யாராவது தொடும் வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது.

ஆக, ராட் மட்டும் காப்பாற்றாது. அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனால் கட் செய்யும் சுவிட்ச், இருந்தால் கதை மாறும். அது பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. 4.6 ஆம்பியர் வரை அது காத்திருக்காது, அதில் நூறில் ஒரு பங்கு வழி தவறினாலே கட் செய்துவிடும். ராட்-ஆர்சிசிபி ஜோடி ஒழுங்கான, ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைதான். ஆர்சிசிபி இல்லாத ராட் வெறும் இரும்புக் கம்பி.

இனி உங்கள் வீட்டு எர்த் எந்த வகை என்று தெரிய வேண்டும். மூன்று விதமாக இருக்கலாம். மின்வாரியமோ கம்பெனியோ எர்த்துக்கென்றே தனிக் கண்டக்டர் கொடுத்திருக்கலாம். அல்லது உள்ளே வரும் நியூட்ரலையே மீட்டர் பக்கத்தில் எர்த்தாகவும் பிரித்துக் கொடுத்திருக்கலாம். அல்லது எர்த் எதுவும் தராமல், வீட்டுக்காரரே தன் எர்த் பிட்டை வைத்துக்கொண்டிருக்கலாம்.

முதல் வகை என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. கேபிளோடு எர்த் வயரும் ஷெட்டுக்குப் போக வேண்டும். ஷெட்டில் ஒரு ராடும் அடித்து அதோடு சேர்த்துக்கொண்டால் நல்லது, சில நாடுகளின் விதி அதைக் கட்டாயமாகவே கேட்கிறது. இங்கே தவறு நடந்தால் கரண்ட் செம்பு வழியாகவே திரும்பும். வழியில் மொத்தத் தடை 1 ஓம் சுற்றி இருந்தாலும் 200 ஆம்பியருக்கு மேல் பாயும், 16 ஆம்பியர் சி-கர்வ் எம்சிபி (மோட்டார் ஸ்டார்ட்டிங்கைப் பொறுத்துக்கொள்ளும் ரகம்) கண் இமைப்பதற்குள் ட்ரிப் ஆகும்.

இரண்டாவது வகையில்தான் விஷயம் சிக்கல். தெருவில் எங்காவது அந்த நியூட்ரல் அறுந்துவிட்டால் வீட்டில் எர்த் ஆன எல்லா இரும்பும் வோல்டேஜுக்கு ஏறிவிடும். வீட்டுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று வயரால் இணைந்து (பாண்ட் ஆகி) ஒன்றாகவே ஏறுவதால் ஆபத்து குறைவு. ஷெட்டில் நீங்கள் நிற்பது மண்ணிலோ ஈரமான சிமெண்ட் தரையிலோ. தொடுவது 40 மீட்டர் தூரத்திலிருந்து வந்த எர்த்தோடு இணைந்த ஒரு இரும்பு. அதனால்தான் இப்படிப்பட்ட சப்ளை உள்ள இடங்களில் பல எலக்ட்ரீஷியன்கள் வீட்டு எர்த்தை ஷெட்டுக்குக் கொண்டுபோகாமல், அங்கே தனி ராடும் ஆர்சிசிபியும் வைக்கிறார்கள். எலக்ட்ரிக் காரை வெளியே நிறுத்தி சார்ஜ் செய்வதற்கு விதிகள் கறாராக இருப்பதும் இதே பயத்தினால்தான். இந்த முறைக்குப் போனால் முழுசாகப் போக வேண்டும். உறைக்குள் இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிளில் அந்தக் கம்பிச் சுற்றை, அதாவது ஆர்மரை, வீட்டுப் பக்கம் மட்டும் எர்த் செய்துவிட்டு, ஷெட் பக்கம் எதையும் தொடாதபடி பிளாஸ்டிக் பெட்டியில் முடிக்க வேண்டும். பாதி அது, பாதி இது என்று கலந்தால் இரண்டின் கெடுதலும் சேர்ந்து வரும்.

மூன்றாவது வகை, அதாவது வீட்டுக்கே சொந்த எர்த் பிட். இதில் எர்த் வயரையும் ஷெட்டுக்குக் கொண்டுபோகலாம், அங்கே இன்னொரு ராடையும் சேர்க்கலாம். ஆனால் மேலே சொன்ன 4.6 ஆம்பியர் கணக்கு இந்த வீட்டுக்கே பொருந்தும் என்பதை மறக்கக் கூடாது. மண்வெட்டி பட்டு ஷெட் கேபிளின் பேஸ் ஆர்மரில் உரசினால் வீட்டிலுள்ள எம்சிபி கவனிக்காது. ஷெட்டுக்குள் இருக்கும் ஆர்சிசிபிக்கும் அது தெரியாது, ஏனென்றால் லீக் நடப்பது அதற்கு முன்னால். ஆகவே கேபிள் கிளம்பும் இடத்திலேயே 100 மில்லி ஆம்பியர், நேரம் தாழ்த்தி வேலை செய்யும் எஸ் டைப் ஆர்சிசிபி ஒன்று வேண்டும். ஷெட்டில் லீக் ஆனால் அங்கேயுள்ள 30 மில்லி ஆம்பியர் முதலில் விழும். கேபிளில் லீக் ஆனால் மட்டும் வீட்டில் உள்ளது விழும்.

வகை எதுவானாலும் ஒன்றைச் செய்யவே கூடாது. ஷெட் டிபி பாக்ஸில் (சர்க்யூட்டுகளைப் பிரிக்கும் சுவிட்ச் பெட்டி) நியூட்ரல் வயர்கள் சேரும் பாரையும் எர்த் வயர்கள் சேரும் பாரையும் இணைக்கக் கூடாது. "இங்கே எர்த் சரியா வரலை சார்" என்று நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயர் எடுத்து எர்த் பாரில் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. டெஸ்ட் லேம்ப் அருமையாக எரியும். அதன் பிறகு நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எர்த் வயரிலும் ஆர்மரிலும் ஓடும், காரணம் தெரியாமல் ஆர்சிசிபி விழும். வழியில் நியூட்ரல் கழன்றால் ஷெட்டில் உள்ள அத்தனை இரும்பும் ஷாக் அடிக்கும். உங்கள் டிபி பாக்ஸைத் திறந்ததும் இரண்டு பாரும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கேபிள் சைஸ். 2.5 ஸ்கொயர் எம்எம் சூட்டை மட்டும் பார்த்தால் 20 ஆம்பியர் தாங்கும் என்று யாராவது சொல்வார்கள், அது பொய்யும் அல்ல. ஆனால் 40 மீட்டர் தூரத்துக்குச் சூட்டை விட வோல்டேஜ் இறக்கம்தான் முதலில் கையைப் பிடிக்கும். செம்புக் கேபிள் வேலை செய்யும் சூட்டில், போக வர இரண்டு வயரையும் சேர்த்து, ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு இழக்கும் மில்லி வோல்ட் இப்படி: 2.5-க்கு 18, 4-க்கு 11, 6-க்கு 7.3, 10-க்கு 4.4, 16-க்கு 2.8. இதை ஆம்பியராலும் மீட்டராலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வோல்ட் வந்துவிடும். லைட்டுக்கு 3 சதவீதம், மற்றதற்கு 5 சதவீதம் வரை இறங்கலாம் என்பது பரவலாக எடுத்துக்கொள்ளும் அளவு. 230-ல் அது முறையே ஏழு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, பதினொன்றரை வோல்ட்.

2 எச்பி சிங்கிள் பேஸ் கம்ப்ரசர் ஓடும்போது சுமார் 10 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு, 60 ஆம்பியர் வரை கூட இழுக்கும். உங்கள் 2.5 சுருளில் 18 × 60 × 40, அதாவது 43 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டாருக்குக் கிடைப்பது 187 வோல்ட். மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது மூன்றில் இரண்டு பங்காக விழும். டாங்கில் மிச்சக் காற்று இருக்கும்போது ஸ்டார்ட் ஆக முடியாமல் உறுமி, ஓவர்லோடு விழும், அல்லது ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் சீக்கிரம் போகும். கம்ப்ரசர் மோசம் என்று மெக்கானிக்கிடம் கொண்டுபோவார்கள், குற்றவாளி மண்ணுக்குள் படுத்திருக்கும். அதே இடத்தில் 10 ஸ்கொயர் எம்எம் போட்டால் ஸ்டார்ட்டிங்கில் இழப்பு பத்தரை வோல்ட்தான், லைட் லேசாகத் துடிக்கும், அவ்வளவே.

இப்போது எலக்ட்ரிக் காரைச் சேருங்கள். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். 40 மீட்டரில் 32 ஆம்பியருக்கு 4 ஸ்கொயர் எம்எம் 14 வோல்ட் தின்னும், அது 6 சதவீதம், ஒத்துவராது. 6 ஸ்கொயர் எம்எம்மில் 4 சதவீதம், சார்ஜர் மட்டும் என்றால் ஓட்டலாம். 10-ல் இரண்டரை சதவீதத்துக்கும் கீழே. என் கருத்து 10 ஸ்கொயர் எம்எம் செம்பு. இரவில் கார் சார்ஜ், பகலில் பட்டறை வேலை என்று பிரித்துக்கொள்பவருக்கு அது தாராளம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடியே ஆக வேண்டும், மொத்தம் 50 ஆம்பியர் தொடும் என்றால் 16-க்குப் போங்கள். கேபிள் செலவு கூடும்தான். ஆனால் குழி வெட்டுவதும் மூடுவதும் எந்த சைஸுக்கும் ஒன்றுதான்.

அலுமினியக் கேபிள் மலிவாயிற்றே என்று கேட்பீர்கள். 16 ஸ்கொயர் எம்எம் அலுமினியம் ஏறக்குறைய 10 ஸ்கொயர் எம்எம் செம்புக்குச் சமம், கணக்குப்படி குறையில்லை. தொல்லை எல்லாம் முனையில். செம்பு டெர்மினலில் அலுமினியத்தை நேராக முறுக்கினால் நாளடைவில் தளர்ந்து, ஆக்சைடு படிந்து, கருகும். பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனை) போட்டு, சரியான டையில் அழுத்தி கிரிம்ப் செய்யத் தெரிந்த ஆள் இருந்தால் மட்டும் அதற்குப் போகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டு மெயின் இந்தக் கூடுதல் லோடைத் தாங்குமா என்று பார்த்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் சர்வீஸே 40 ஆம்பியர் என்றால் ஷெட்டுக்கு எவ்வளவு தடிமனான கேபிள் போட்டும் பயனில்லை, முதலில் லோடு உயர்த்த மனு கொடுக்க வேண்டும். மூன்று பேஸ் வீடாக இருந்தால் மூன்று பேஸையும் ஷெட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றி யோசிக்கலாம், பெரிய கம்ப்ரசரோ லேத்தோ வரும் எண்ணம் இருந்தால்.

ஃப்ளெக்ஸிபிள் கேபிளை ஏன் புதைக்கக் கூடாது? பைப்பில்தானே போகிறது என்பீர்கள். மண்ணுக்குள் இருக்கும் பைப்பில் தண்ணீர் வந்தே தீரும். ஜாயிண்டில் கசியும், இல்லாவிட்டால் உள்ளே ஈரக்காற்று குளிர்ந்து சொட்டும். வருடக்கணக்கில் தண்ணீரில் கிடக்க அந்த உறை செய்யப்படவில்லை. அதைவிட முக்கியம், கடப்பாரைக்கு முன் அது ஒன்றுமில்லை. நேரடியாகப் புதைப்பதற்கு இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிள்தான் சரி. மூன்று கோர் வாங்கி ஒன்றை எர்த்துக்கு வைத்து, எர்த் கொண்டுபோகும் முறையானால் ஆர்மரையும் அதோடு இணைத்துவிடுங்கள். ஆர்மரை மட்டுமே எர்த்தாக நம்புவது கணக்குக்குச் சரியாக வரலாம், ஆனால் கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டில் துரு ஏறினால் எர்த் போனது தெரியவே தெரியாது.

குழி 60 முதல் 75 சென்டிமீட்டர் ஆழம். அடியில் கூர்கல் பொறுக்கி, ஒரு கை தடிமன் மணல் பரப்பி, கேபிளை லேசாக வளைவுகளோடு தளர்வாகப் படுக்க வைத்து, மேலே மறுபடி மணல், அதன் மேல் செங்கல் அல்லது ஓடு. மண் போட்டுப் பாதி மூடியதும் எச்சரிக்கை டேப். பின்னால் தோண்டுகிறவர் கேபிளைப் பார்ப்பதற்கு முன் அந்த டேப்பைப் பார்க்க வேண்டும், அதற்காகத்தான் அது. வண்டி போகும் பாதைக்குக் குறுக்கே வரும் துண்டு மட்டும் தடிமனான பைப்புக்குள் போகட்டும். இரு முனையிலும் ஒரு மீட்டர் கூடுதல் விடுங்கள். கேபிள் வளைவின் ஆரம் அதன் விட்டத்தைப் போல 12 மடங்குக்குக் குறையாமல் இருந்தால் கவலையில்லை. குழி திறந்திருக்கும்போதே கொஞ்சம் தள்ளி ஒரு காலி பைப்பையும், உள்ளே நைலான் கயிறு விட்டு, போட்டு வையுங்கள். நெட்வொர்க் கேபிள், கேமரா, காலிங் பெல் எல்லாம் ஒரு நாள் கேட்கும். மூடுவதற்கு முன் அளவு டேப் விரித்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கேபிள் முனையைத் திறந்தபடி மழையில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் கம்பி இழைகளின் நடுவே ஏறிப் போகும், அப்புறம் இன்சுலேஷன் தடையை அளக்கும் மெக்கர் வைத்தால் ரீடிங் கீழே கிடக்கும். உடனே முனை கட்டவில்லை என்றால் டேப் சுற்றி மூடி வையுங்கள்.

வேலை தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க கிளாண்ட் போடுவதைப் பார்த்தால் போதும். வெளி உறையை நீக்கிவிட்டு, ஆர்மர் கம்பிகளை ஹேக்ஸா பிளேடால் பாதி ஆழத்துக்கு மட்டும் சுற்றிக் கீறி, ஒவ்வொன்றாக ஆட்டி ஒடிப்பார். முழுசாக அறுத்தால் பிளேடு உள் உறையில் இறங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். ஒடித்த கம்பிகளைக் குடை மாதிரி விரித்து, கிளாண்டின் கூம்பு மேல் எல்லாக் கம்பியும் உட்கார்ந்ததா என்று பார்த்து, அப்புறம்தான் நட்டை இறுக்குவார். கம்பிகளைக் கொத்தாக வெட்டி எறிந்துவிட்டு, உறையை மட்டும் பெட்டிக்குள் நுழைத்து எம்சீல் அப்புகிறவர் என்றால் வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

வீட்டுப் பக்கம் ஷெட்டுக்கென்று தனி எம்சிபி வேண்டும், 10 ஸ்கொயர் எம்எம்முக்கு 40 ஆம்பியர் சி-கர்வ். சி-கர்வ் அதன் அளவில் 5 முதல் 10 மடங்குக்குள் உடனடியாக விழும், கம்ப்ரசர் ஸ்டார்ட்டிங்கைப் பொறுத்துக்கொள்ளும். வீட்டு ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்து இந்த லைனை எடுக்காதீர்கள். எடுத்தால் ஷெட்டில் டிரில் மெஷின் நனைந்ததற்கு வீட்டில் பிரிட்ஜ் நிற்கும். இரண்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிகளை வரிசையாகப் போட்டால் எது முதலில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஷெட் டிபி பாக்ஸ் கதவுக்கு அருகில், உள்ளே நுழைந்ததும் கை எட்டும் இடத்தில். முதலில் பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் ஐசோலேட்டர். லைட்டையும் பிளக் பாயிண்டையும் ஒரே ஆர்சிசிபியின் கீழ் வைக்காதீர்கள். கட்டிங் மெஷின் லீக் ஆகி ட்ரிப் அடித்தால், பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஷெட் இருட்டாகிவிடும். லைட்டுக்கு ஒரு தனி ஆர்சிபிஓ (எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) கொடுத்தால் இந்த ஆபத்து இல்லை. கம்ப்ரசருக்கும் வெல்டிங்குக்கும் தனித்தனி சர்க்யூட். கார் சார்ஜருக்குத் தனி சர்க்யூட், அதற்கு டிசி லீக்கேஜையும் கண்டுபிடிக்கும் ஆர்சிசிபி தேவை. சாதாரண ஏசி டைப், டிசி கலந்தால் மந்தமாகிவிடும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி சென்சார் இருந்தால் ஏ டைப் போதும்.

பிளக் பாயிண்டுகளைத் தரையிலிருந்து அரை மீட்டருக்கு மேலேயே வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனம், தரையை ஒட்டித்தான் தேங்கும், சுவிட்சில் ஒரு பொறி போதும். ஷெட் இரும்புச் சட்டத்தில் நிற்கிறது என்றால் அதையும் எர்த் பாரோடு பாண்ட் செய்ய வேண்டும்.

கம்பத்தில் தொங்கவிட்டு மேலே கொண்டுபோனால் குழி வேலை மிச்சம்தான். அப்படியானால் கேபிளே எடையைத் தாங்கக் கூடாது, தாங்குகம்பி கட்டி அதில் கேபிளைக் கட்ட வேண்டும். வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை, வண்டி போகும் உயரம், மரக்கிளை எல்லாம் பார்க்க வேண்டும். 40 மீட்டருக்கு நான் மண்ணையே தேர்ந்தெடுப்பேன்.

குழி வெட்டுவது, மணல் பரப்புவது, கேபிள் இழுப்பது இவற்றை நீங்களே செய்யலாம். இரு முனை இணைப்பும் சோதனையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. முன் அனுமதி வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், குழி மூடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், மூடிய குழியை எந்த இன்ஸ்பெக்டரும் நம்பமாட்டார். கரண்ட் கொடுப்பதற்கு முன் 500 வோல்ட் மெக்கரில் கோருக்குக் கோர், கோருக்கு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் 1 மெகா ஓம் என்பது விதி, புதுக் கேபிள் அதற்கு எங்கோ மேலே காட்ட வேண்டும். எல்இடி லைட்டையும் சார்ஜரையும் கழற்றிவிட்டுத்தான் மெக்கர் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் அவை போய்விடும். பிறகு எர்த் தொடர்ச்சி, ஷெட் பிளக்கில் லூப் தடை (தவறு நடந்தால் கரண்ட் திரும்பும் முழு வழியின் தடை), ஆர்சிசிபி விழும் நேரம். ராட் முறையானால் ராடின் தடை 200 ஓமுக்குள் இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும், கோடையில் ஒருமுறை திரும்பவும். இந்த ரீடிங்குகளையும் வீட்டுப் போர்டில் எந்த எம்சிபி ஷெட்டுக்கு என்பதையும் டிபி கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.